ஓடுதுல்ல, தொடாதீங்க!

"இவ்வாறாக நிரல் எழுதி இயக்கப்பட்டு, விடை சரிபார்க்கப்பட்டது."

ஆவடியிலிருந்து பருத்திப்பட்டு வழியாகப் பூந்தமல்லிக்குப் போகிற சாலையிலும், திருவேற்காடு பக்கம் பிரிகிற சாலைகளிலும் இருக்கும் பொறியியல் கல்லூரிகளில் வருஷா வருஷம் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு பயிற்சியின் அடியிலும் இந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். கம்ப்யூட்டரைப் போடுவதற்கு முந்தின ராத்திரியே எழுதிவிடுகிறார்கள். போன வருஷ சீனியரின் நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, நோக்கம், வழிமுறை, நிரல் என்று வரிசையாக இறக்கி, இடப்பக்க வெள்ளைத் தாளில் பென்சிலால் விடையை வரைகிறார்கள். வரைகிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். எந்தக் கணினியும் கொடுத்த விடை இல்லை அது. கீழே ஆசிரியரின் சிவப்பு மைக் கையெழுத்து. இயக்காத நிரல் இயக்கப்பட்டது, பார்க்காத விடை சரிபார்க்கப்பட்டது, படிக்காத பக்கம் திருத்தப்பட்டது. மூன்று பொய்க்கும் சேர்த்துப் பத்து மார்க்.

இதே கல்லூரிகள் பலவற்றில் பல்லாண்டுகளாகப் பிள்ளைகள் நிரல் கற்றது டர்போ சி என்ற நீலத் திரையில். போர்லாண்ட் நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் விற்ற சரக்கு. அந்த நிறுவனமே அதை மறந்த பிறகும் நம் ஆய்வகங்கள் மறக்கவில்லை. 'வாய்ட் மெயின்' என்று தொடங்குவது முறையில்லை என்று சி மொழிக்குத் தரம் வகுத்தவர்கள் 1989-லேயே சொல்லிவிட்டார்கள். தகவல் ஆவடி வந்து சேரப் பல காலம் பிடித்தது. பிறகு 2017 ஒழுங்குமுறையில் அண்ணா பல்கலைக்கழகம் முதல் பருவத்திலேயே பைத்தானை வைத்தது. நல்ல காரியம். பைத்தானில் வரியை எத்தனை இடம் உள்ளே தள்ளி எழுதுகிறோம் என்பதுதான் இலக்கணம். இடம் தப்பினால் பொருள் தப்பும். படிக்கத் தோதாக எழுதாதவனை அந்த மொழி கிட்டவே சேர்க்காது. நம் கல்லூரிகள் அந்த மொழியையும் ஜெயித்துவிட்டன. ரெக்கார்டு நோட்டின் ஓரக்கோட்டில் முட்டிக்கொண்டு எல்லா வரியும் ஒரே நேராக இறங்குகிறது. எந்தக் கணினியும் ஏற்காத அந்த நிரலுக்கு அடியிலும் அதே வாக்கியம், அதே சிவப்பு மை.

இப்படி நான்கு வருஷம் பயிற்சி பெற்ற பிள்ளை கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு அம்பத்தூர் எஸ்டேட்டின் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைகிறது. முதல் நாள் கையில் தருகிற ஆவணங்களில் 'கோடிங் ஸ்டாண்டர்ட்ஸ்' என்ற தடித்த பிடிஎஃப் ஒன்று உண்டு. அதில் சொல்லியிருப்பது அத்தனையும் பத்தரை மாற்றுத் தங்கம். மாறிக்குப் பொருள் விளங்கும் பெயர் வை. ஒரு ஃபங்ஷன் ஒரு வேலையை மட்டும் செய்யட்டும். எண்ணை அப்படியே போடாதே, அதற்கொரு பெயர் கொடு. குறிப்பு எழுதினால் என்ன செய்கிறது என்று எழுதாதே, ஏன் செய்கிறது என்று எழுது. பிழையை விழுங்காதே. செத்த வரியை நீக்கு. இந்தத் தொழிலில் எழுதுவதைவிடப் படிப்பதே அதிகம் என்பதால் அடுத்து வருபவனுக்காக எழுது. கெர்னிகனும் பிளாகரும் 1974-லேயே நிரல் நடை பற்றித் தனிப் புத்தகம் போட்டு இதையெல்லாம் சொல்லிவிட்டார்கள். ஆகவே, தெரியாமல் செய்கிறார்கள் என்று யாரும் வக்காலத்து வாங்க வேண்டாம். 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்ற பெட்டியில் டிக் அடித்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும். பிள்ளை டிக் அடிக்கிறது. நல்ல பழக்கம், கல்லூரியிலேயே வந்தது.

மறுவாரம் உண்மையான நிரல் திறக்கிறது. ஆயிரம் வரி தாண்டியும் மூச்சு விடாத ஒரே ஃபங்ஷன். உள்ளே டெம்ப், டெம்ப்1, டெம்ப்_ஃபைனல், டெம்ப்_ஃபைனல்_நியூ, டெம்ப்_ஃபைனல்_நியூ_லேட்டஸ்ட் என்று ஐந்து பங்காளிகள். யார் யாருக்கு என்ன உறவு என்று எவருக்கும் தெரியாது. 'இஸ்நாட்இன்ஆக்டிவ்' என்று ஆம், இல்லை மட்டும் சொல்லும் ஒரு ஃப்ளாக். அது 'ஃபால்ஸ்' ஆனால் வாடிக்கையாளர் உயிரோடு இருக்கிறாரா, போய்ச் சேர்ந்தாரா என்று காகிதம் பேனா வைத்துக் கணக்குப் போட வேண்டும். ஒன்றைக் கூட்டும் வரிக்கு மேலே 'இங்கே ஒன்றைக் கூட்டுகிறோம்' என்று விளக்கவுரை. மண்டையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் வரிக்கு மேலே மட்டும் மயான அமைதி. நடுவில் ஓரிடத்தில்: 'தற்காலிக ஏற்பாடு. அடுத்த ரிலீஸில் எடுத்துவிடவும். 2011.' எழுதியவர் இப்போது கனடாவில் வீடு வாங்கிவிட்டார். ஏற்பாடு இங்கேயே குடியிருக்கிறது.

அந்தக் கட்டடத்திலிருந்து கீழே இறங்கி, சாலையைக் கடந்து இரண்டு தெரு உள்ளே போனால் லேத் பட்டறைகள். 1960-களில் எஸ்டேட் வந்ததிலிருந்து இந்த மண்ணின் தொழில் அதுதான். பட்டறைக்காரர் எட்டாம் வகுப்போடு நின்றவராக இருக்கலாம். ஆனால் ட்ராயிங் இல்லாமல் ஜாப்பில் கை வைக்க மாட்டார். எண்ணெய்க் கறை படிந்த அந்தத் தாளின் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம்: ட்ராயிங் எண், என்ன இரும்பு, என்ன அளவுகோல், வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர், தேதி. மேலே ரிவிஷன் பட்டியல்: எந்த அளவு எந்தத் தேதியில் எதிலிருந்து எதற்கு மாறியது, மாற்றியது யார். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்ற வரம்பு. வரைந்தவர் ஓய்வு பெற்றிருப்பார், செத்தும் போயிருப்பார். தாளைப் பார்த்துப் பட்டறைக்காரர் இன்று அதே ஜாப்பைக் கடைந்து தருவார். யாருக்கும் போன் போட வேண்டியதில்லை. இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனம் வடிவமைத்த டாங்கியை ஆவடித் தொழிற்சாலை கட்டி, விஜயந்தா என்று பெயரிட்டு 1965 டிசம்பரில் வெளியே ஓட்டியதும் இந்த ஒழுக்கத்தால்தான். எங்கோ ஒருவர் வரைந்ததை இங்கே ஒருவர் ஐயமில்லாமல் படிக்க முடிந்தது.

அளவு ஒரு நூலிழை தப்பினால் பட்டறைக்காரருக்கு என்ன நடக்கும் தெரியுமா? ஜாப்புக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து ரிஜெக்ட் தொட்டியில் போடுவார்கள். டெபிட் நோட் வரும். இரும்புக்கான காசும் கூலியும் அவர் கையை விட்டுப் போகும். கண்ணாடிக் கட்டடத்தில் அளவு தப்பினால்? அதைச் சரிசெய்ய ஒரு குழு போடுவார்கள். குழுவுக்கு மணிக்கணக்கில் பில் போடுவார்கள். பல ஒப்பந்தங்களில் தப்பு செய்தவனுக்கே தப்பைத் திருத்தும் வேலையும் 'சேஞ்ச் ரிக்வெஸ்ட்' என்ற பெயரில் இன்னொரு முறை கூலியோடு வந்து சேர்கிறது. சாலைக்கு இந்தப் பக்கம் ரிஜெக்ஷன் என்றால் நஷ்டம், அந்தப் பக்கம் வருமானம்.

இப்போது ஒப்படைப்புச் சடங்கைப் பார்ப்போம். நோட்டீஸ் பீரியடின் கடைசி வாரம். கேன்டீனில் கேக் வெட்டியாகிவிட்டது. போகிறவர் வருகிறவருக்குத் திரையைக் காட்டி 'கேடி' (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்) கொடுக்கிறார்.

"ப்ரோ, இந்த ஃப்ளாக் எதுக்கு?"

"அது கெடக்கட்டும் ப்ரோ. எடுத்தா ப்ரொடக்ஷன் படுத்துடும்."

"ஏன் படுக்கும்?"

"அது தெரியல. எனக்கு கேடி கொடுத்தவரும் அப்படித்தான் சொன்னாரு. ஓடுதுல்ல, தொடாதீங்க."

கம்ப்யூட்டர் வந்தும் வாய்மொழி மரபு அழியவில்லை என்று பண்பாட்டு ஆர்வலர்கள் மகிழலாம். உலகத்தின் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் நம்பியிருக்கும் நிரல் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் ரயிலைப் பிடிக்க அவசரப்படும் ஒருவரின் ஞாபகத்தில் இருக்கிறது. அவர் ரயில் ஏறியதும் அதுவும் ஏறிவிடுகிறது.

தொடாமல் விட்ட செத்த வரி சும்மா கிடக்கும் என்றுதானே நினைப்பு? அமெரிக்காவில் நைட் கேபிடல் என்றொரு பங்கு வர்த்தக நிறுவனம் இருந்தது. பல வருஷமாகப் பயன்படுத்தாத ஒரு பகுதியை நீக்காமல் நிரலில் விட்டிருந்தார்கள். அதை எழுப்பும் பழைய ஃப்ளாக்கையே புதிய வேலைக்கும் எடுத்துக்கொண்டார்கள். 2012 ஆகஸ்ட் 1 காலை, எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏறவில்லை. அங்கே பிணம் எழுந்து உட்கார்ந்து பங்குகளை வாங்கித் தள்ளியது. சுமார் 45 நிமிடம், 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். கம்பெனி கைமாறிப் போனது.

அமெரிக்கா எதற்கு, நம் ஊர்க் கணக்கையே எடுத்துக்கொள்வோம். தமிழக அரசு ஊழியரின் ஓய்வு வயது 58 ஆக இருந்தது. 2020 மே மாதம் 59 ஆக்கினார்கள். 2021 பிப்ரவரியில் 60 என்றார்கள். நிரலில் ஓரிடத்தில் 'ஓய்வு வயது' என்று பெயர் வைத்து, அதற்கு 58 என்ற மதிப்பைக் கொடுத்து, மற்ற எல்லா இடத்திலும் அந்தப் பெயரையே புழங்கியவனுக்கு அரசாணை வந்த அன்று ஒரு வரி வேலை, டீக்குப் போய்விடலாம். சம்பளம், விடுப்பு, சேமநிதி, பதவி உயர்வு என்று முந்நூறு இடத்தில் வெறும் 58 என்று குத்தி வைத்தவன் என்ன செய்வான்? தேடி மாற்றுவான். கிளைக் குறியீடு 58-ம் மாறும். 158 என்பது 159 ஆகும். '57-ஐ விடப் பெரியது' என்று வேறொருவன் எழுதி வைத்த இடம் மட்டும் மாறாமல் இளிக்கும். ஒன்பதே மாதத்தில் இந்தக் கூத்தை இரண்டாம் முறை ஆட வேண்டும். எண்ணுக்குப் பெயர் வை என்பது பிடிஎஃபில் பத்தோடு பதினொன்றாகப் போகிற ஒரு வரி. அதை மீறினால் சிக்கிக்கொள்வது யாரோ ஒரு தலைமையாசிரியையின் ஓய்வூதியம்.

எனக்கு அதிகம் ஆத்திரம் வருவது இன்னொன்றில். நிரலில் 'முயன்று பார்' என்றொரு பகுதியும், 'தவறினால் பிடி' என்றொரு பகுதியும் எழுதலாம். ட்ரை, கேட்ச். பிடிக்கிற இடத்தில்தான் என்ன கெட்டது, யாருடைய கணக்கில், எந்த நேரத்தில் என்று பதிந்து வைத்து, பயனருக்கும் நேர்மையாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் ஆட்கள் எழுதும் கேட்ச்சைத் திறந்து பாருங்கள். ஓர் அடைப்பு திறக்கும், ஓர் அடைப்பு மூடும், நடுவில் ஒன்றுமில்லை. பிழை வந்தது, விழுங்கினான், ஏப்பம்கூட விடவில்லை. சோதனையில் சிவப்பு எழுத்து வராமல் இருக்க இதைவிட எளிய வழி இல்லை. டெமோவில் எல்லாம் பச்சை. கிளையன்ட் கைதட்டுவார்.

அந்த வெற்றிடத்தின் மறுமுனையில், பணம் கட்டும் கவுன்ட்டரில், ஒரு பாட்டி நிற்கிறார். வங்கியில் பணம் கழிந்த எஸ்எம்எஸ் பேரனின் போனுக்கு வந்துவிட்டது. ரசீது மட்டும் வரவில்லை. "பாட்டி, சர்வர் டவுன். சாயங்காலமா வாங்க பாட்டி" என்கிறது கவுன்ட்டர். சாயங்காலம் போனால் நாளைக்கு. நாளைக்குப் போனால் திங்கட்கிழமை. சர்வர் என்ன பாவம் செய்தது? அது பெரும்பாலும் குளிரூட்டிய அறையில் சுகமாக ஓடிக்கொண்டுதான் இருக்கும். என்ன கெட்டது என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்ட நிரலுக்குத்தான் இந்த நாட்டில் 'சர்வர் டவுன்' என்று பெயர். கவுன்ட்டர்க்காரருக்குத் தெரியாது, அவருடைய அதிகாரிக்குத் தெரியாது, நிரலை எழுதிய கம்பெனிக்கும் தெரியாது. தெரியாமல் இருக்கும்படிதான் எழுதியிருக்கிறார்கள்.

பாட்டிக்கு நாலு நடை அலைச்சலோடு போயிற்று. பிரிட்டனில் அப்படிப் போகவில்லை. அங்கே அஞ்சலக நிறுவனத்துக்கு ஃபுஜிட்சு வழங்கிய ஹொரைசன் என்ற மென்பொருள் 1999 முதல் கிளைகளில் கணக்கு எழுதியது. இல்லாத துண்டு விழுவதாகக் காட்டியது. இயந்திரம் பொய் சொல்லாது என்று நீதிமன்றங்கள் நம்பின. 2015 வரை 900-க்கும் மேற்பட்ட சிறு அஞ்சலக நடத்துநர்கள் திருட்டு, பொய்க்கணக்குக் குற்றங்களுக்குத் தண்டனை பெற்றார்கள். சீமா மிஸ்ரா என்ற இந்திய வம்சாவளிப் பெண் 2010-ல் வயிற்றில் பிள்ளையோடு சிறைக்குப் போனார். குறைந்தது 13 பேர் இதனால் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கலாம் என்று 2025-ல் வெளியான விசாரணை அறிக்கை சொல்கிறது. தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்ய 2024-ல் நாடாளுமன்றமே தனிச் சட்டம் போட வேண்டி வந்தது.

ஹொரைசன் கிளைகளுக்குப் பரவலாகப் போவதற்கு முன்பே, 1998-ல், உள்ளுக்குள் ஒரு குழு அந்த நிரலைப் படித்துப் பார்த்திருக்கிறது. அறிக்கையில் ஒரு மாதிரியும் எடுத்துப் போட்டது. ஓர் எண்ணின் குறியைத் திருப்பும் ஃபங்ஷன். கூட்டலைக் கழித்தலாக்கவும், கழித்தலைக் கூட்டலாக்கவும் முன்னால் ஒரு மைனஸ் போட்டால் போதும். எழுதியவர் என்ன செய்திருக்கிறார்? எண் பூச்சியத்துக்குக் கீழே இருந்தால் குறியை நீக்கு. இல்லையென்றால் அதை இரண்டால் பெருக்கி, வந்ததை அந்த எண்ணிலிருந்தே கழி. விடை சரியாகத்தான் வரும், ஓடும். மிஸ்ராவைச் சிறைக்கு அனுப்பியது அந்த வரிகள் என்று நான் சொல்லவில்லை. மைனஸ் போடத் தெரியாத கைகள் கணக்குப் புத்தகம் எழுதுகின்றன என்று படித்தவர்கள் பார்த்தார்கள், எழுதிக் கொடுத்தார்கள், மேலிடம் வாங்கி வைத்துக்கொண்டது. ஓடுதுல்ல?

நம் மென்பொருள் துறை எழுந்து நின்றதே அடுத்தவனின் கிறுக்கலைப் படித்துத்தான். வருஷத்தை இரண்டே இலக்கத்தில் எழுதி வைத்துவிட்டு, 2000 பிறந்தால் 1900 ஆகிவிடுமோ என்று மேற்கு நடுங்கியபோது, பழைய கோபால் (COBOL) மொழி நிரல்களை வரி வரியாகப் படித்துத் திருத்தியவர்களில் நம் பிள்ளைகள் ஏராளம். கெட்ட எழுத்தின் விலை என்ன என்று நமக்குத் தெரிந்த அளவுக்கு வேறு எவனுக்கும் தெரியாது. தெரிந்துகொண்டு, அந்த விலையை வாங்கும் இடத்தில் கடையைப் போட்டோம். தெளிவான நிரல் என்றால் பராமரிக்க நாலு பேர் போதும். கலங்கிய நிரல் என்றால் நாற்பது பேர், மூன்று ஷிஃப்ட், ராத்திரி வண்டி, அதற்கு மேலே ஒரு மேனேஜர், அவருக்கு மேலே ஒரு மேனேஜர். தலைக்கு இவ்வளவு என்று பில் போடுகிற தொழிலில் தலையைக் குறைக்கிற எழுத்தை எந்த முதலாளி கேட்பான்? கேட்க வேண்டிய கிளையன்ட்டுக்கு யார் மலிவு என்பதே கவலை. நடுவில் வதைபடுவது ராத்திரி இரண்டு மணிக்குத் திருமுல்லைவாயல் வாடகை வீட்டில் போன் அடித்து எழுப்பப்படுகிற இருபத்து மூன்று வயதுப் பிள்ளை. அதே கம்பெனி ஒரு நாள் 'திறன் போதவில்லை' என்று அதே பிள்ளையை வெளியே அனுப்பும். நாலு வருஷம் டெம்ப்_ஃபைனல்_நியூவைக் காவல் காத்தவனுக்கு வேறென்ன திறன் வளரும்?

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி கவலை இல்லை என்கிறார்கள். கேட்டதும் இருநூறு வரி கொட்டுகிறது. பெயர்கள் அழகாக இருக்கின்றன, குறிப்புகள் பணிவாக இருக்கின்றன. பிள்ளை அதை எடுத்து ஒட்டுகிறது, லீட் படிக்காமலே ரிவ்யூவில் 'நன்றாக இருக்கிறது' என்று போடுகிறார். முன்பு ஒருவனாவது எழுதிய அன்று மட்டுமாவது புரிந்து எழுதினான்.

வருஷக் கடைசி அப்ரைசலைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. ஒரு டீமில் ஒரு பெண். யாரும் கேட்காமலேயே அந்த ஆயிரம் வரி ஃபங்ஷனை உடைத்துச் சின்னச் சின்னதாக்கினார். ஃப்ளாக்குக்குப் பெயர் மாற்றினார், வெறும் கேட்ச்களில் பிழையைப் பதிய வைத்தார், செத்த வரிகளை நீக்கினார். அந்தப் பகுதியிலிருந்து ராத்திரி போன் வருவது நின்றுபோனது. அதே டீமில் இன்னொருவர். தான் எழுதியதே விடியற்காலையில் படுத்துக்கொள்ள, எழுந்து உட்கார்ந்து ஒட்டுப்போட்டார். மறுமாதமும் படுத்தது, மறுபடி ஒட்டுப்போட்டார். ஒவ்வொரு ஒட்டுக்கும் 'டிக்கெட்' என்ற புகார் ஒன்று அவர் பேரில் முடிந்ததாகக் கணக்கு. ஒவ்வொரு முறையும் கிளையன்ட்டிடமிருந்து நன்றி மெயில், நகல் வைஸ் பிரசிடென்ட்டுக்கு.

'ஸ்டார் பெர்ஃபார்மர்' கேடயமும் அமேசான் கூப்பனும் ஒட்டுப்போட்டவருக்கு. லிங்க்ட்இன்னில் படமும் வந்தது. அந்தப் பெண்ணை மேனேஜர் தனியறைக்குக் கூப்பிட்டார். "நல்லாத்தான் பண்றீங்கம்மா. ஆனா இந்த குவார்ட்டர்ல உங்க பேர்ல ஒரு டிக்கெட்கூட க்ளோஸ் ஆகலயே. அப்ப என்னதான் வேலை பாத்தீங்க?"